இடைவேளைக்குப் பிறகு

பிப்ரவரி 11

என் பேத்திக்கு,

அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்கள் நான், நீ, உன் அம்மா, டிக்கெட் எடுத்துக் கொடுத்த உன் சித்தி, உன் புருஷன். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தோம் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

நீ போனை எடுப்பதில்லை. இந்த வயதில் என்னை எழுத்துக்கூட்டி எழுத வைக்கிறாய். கை வலிக்கிறது. வலிக்காத இடம் எது என்று தேட வேண்டியிருக்கிறது.

படத்தில் நிலைக்கண்ணாடிக்குள்ளிருந்து ஒருத்தன் இறங்கி வந்தான். அந்தப் பெண் என்ன குறை சொன்னாலும் அந்த நிமிஷமே அது அவனைவிட்டுப் போய்விடும். நீ வாயைப் பிளந்து பார்த்தாய். பக்கத்தில் மாப்பிள்ளை குறட்டை விட்டார். உன் சித்தி, "லிஃப்ட் ரிப்பேர் பண்றவராச்சே, லிஃப்ட் மேல ஏறுது" என்று சொல்லிச் சிரித்தாள். அதையும் மனசில் வைத்திருக்கிறேன், அவளுக்கு ஒரு நாள் இருக்கிறது. இடைவேளையில் எழுந்து போன நீ, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த ஹாஸ்டலுக்கே நேரே போய்விட்டாய்.

மாப்பிள்ளை நேற்று வந்திருந்தார். படத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலையாம். "அவளுக்கு என்னதான் வேணும் பாட்டி? உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எழுது.

உன் பாட்டி

பிப்ரவரி 19

அன்புள்ள பாட்டி,

குறட்டைக்காகவா ஒருத்தி வீட்டைவிட்டு வருவாள்? எதற்கெடுத்தாலும் சண்டை. "என்ன வேணும்னு வாயைத் தொறந்து சொல்லித் தொலை" என்று கத்துகிறார். சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டாமா?

தாத்தா உன்னிடம் ஒரு நாளாவது குரலை உயர்த்தியிருப்பாரா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவளை மாதிரி ஒருத்தி கிடையாது, கோபம்னா என்னன்னே தெரியாது" என்பார். அப்படி ஒரு மனிதரைப் பார்த்து வளர்ந்தவள் நான். இவரோடு எப்படி இருப்பது? களைத்துப் போய்விட்டேன் பாட்டி. அடுத்த திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

தாத்தா போட்டோவை அனுப்பு. இங்கே என் கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொள்கிறேன்.

உன் செல்லப் பேத்தி

பிப்ரவரி 23

அடியே,

போட்டோ அனுப்பவில்லை.

என் அக்கா செத்த சேதியை அவள் கொழுந்தன்தான் வந்து சொன்னான். நான் ஈரக் கையோடு அடுப்படியில் நின்றேன். வாசலில் உன் தாத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவ வரமாட்டாப்பா. பிள்ளைங்களை விட்டு நகரமாட்டா. கல்லு மாதிரி மனசு, அழக்கூட மாட்டா. நானே வந்துடறேன்." நான் தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

திட்டவில்லை. கதவைப் பூட்டவில்லை. புகழ்ந்தார். அவ்வளவு புகழ்ந்த பிறகு எப்படிச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது? அக்கா முகத்தை நான் பார்க்கவே இல்லை. எல்லாரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள்.

அவர் குடும்பம் நடத்தியது அவர் தலைக்குள் இருந்த ஒருத்தியோடு. அவளுக்குப் பசி கிடையாது, கோபம் கிடையாது, கூடப் பிறந்தவளும் கிடையாது. நல்ல பேரெல்லாம் அவளுக்கு, தேய்க்கிற பாத்திரமெல்லாம் எனக்கு. "உனக்கு என்ன வேணும்" என்று சாகிற வரைக்கும் அவர் என்னைக் கேட்டதில்லை. கத்தியாவது கேட்டிருக்கலாம்.

நீ பாதிப் படம்தான் பார்த்தாய். மீதியை நான் சொல்கிறேன். குறை போகப் போக அவனும் தேய்ந்துகொண்டே வந்தான். கடைசியில் நாற்காலியில் வெறும் சட்டை உட்கார்ந்திருந்தது. அதற்கு அவள் சோறு போட்டாள். உன் அம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. மாப்பிள்ளை அப்போதுதான் முழித்தார். உன் காலி நாற்காலியைத் தடவிப் பார்த்து, "அவ எங்க பாட்டி?" என்றார்.

வக்கீலைப் பார், பார்க்காமல் இரு. உன் இஷ்டம். இவர் வேண்டாம் என்பதற்கு நூறு காரணம் சொல், உட்கார்ந்து கேட்கிறேன். உன் தாத்தாவைக் காரணம் காட்டாதே. உன் புருஷனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க அப்படி ஒரு ஆள் இந்த வீட்டில் இருந்ததே இல்லை.

உன் சித்தியைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன். மாப்பிள்ளைமேல் எனக்கு ஒன்றும் இல்லை, தூக்கம் யாருக்கும் வரும். மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருப்பது ஒரே ஒருத்தரை. நீ கேட்ட போட்டோவில் சிரித்துக்கொண்டு இருக்கிறாரே, உன் தாத்தா, அவரை.

பாட்டி