நில்சாவுக்குப் பிரஷர் ஏற்றியது யார்

மார்ச் 14
காலையிலிருந்து மழை. என் நாலாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. மருமகள் நில்சா சுகாதார நிலையம் போய் வந்தாள். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். இது முதல் பிள்ளை, ஏழாவது மாதம். சாயங்காலம் என் மகன் அர்லிந்து தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலிருந்து போன் செய்தபோது சொன்னேன். "அம்மா, அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். நான் என்ன சொன்னேன்?

மார்ச் 16
தேவாலயத்தில் பூசை முடிந்து பெண்கள் கூட்டம். பக்கத்து வீட்டு ஃபெலிஸ்மினா எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள். "கர்ப்பிணிக்கு ரத்தம் சும்மா ஏறாது டீச்சர். நெனச்சு நெனச்சுத்தான் ஏறும். வீட்டுல யாராவது மனச நோகடிச்சா அப்படி ஆகும்."

வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். மிச்சம் கோழிகள். மற்றப் பெண்கள் திடீரென்று இடுப்புத் துணி முடிச்சைச் சரிசெய்துகொண்டார்கள். எங்கள் ஊர் சிபுத்துவில் கர்ப்பிணிக்குப் பிரஷர் என்றால் எல்லாரும் மாமியார் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு வாய் நீளம், பள்ளிக்கூடத்துக்கே தெரியும். கீரையில் உப்பு கூடினால் சொல்லுவேன். பாத்திரம் கழுவாமல் கிடந்தால் சொல்லுவேன். அதற்கு ஒருத்தியின் ரத்தம் ஏறிவிடுமா? ஏறும் போலத்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது. இனி வாயைத் திறப்பதில்லை.

மார்ச் 20
திறக்கவில்லை. மரவள்ளிக்கீரை அடிப்பிடித்திருந்தது. தின்றேன்.

மார்ச் 25
"எப்படி இருக்கே?" "நல்லாருக்கேன் அத்தை." எங்கள் பேச்சு அவ்வளவுதான். அவள் கால் வீங்கியிருக்கிறது, செருப்பு நுழையவில்லை. கேட்க நாக்கு நுனி வரை வந்தது. குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டால்? என்னுடைய பெரிய செருப்பை அவள் அறை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2
பிரஷர் இன்னும் ஏறியிருக்கிறது. மாத்திரை கொடுத்தார்கள். நான்தான் ஒரு வார்த்தை பேசவில்லையே! ஒருவேளை பேசாமல் இருப்பதுதான் அவளை நோகடிக்கிறதோ? பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஏப்ரல் 7
எங்கள் நாட்டுப் பெண்கள் தினம். தெருவில் எல்லாரும் ஒரே நிறத்துணி கட்டி ஊர்வலம். நில்சா எழுந்து வரவில்லை. முகம் உப்பி, கண் இடுங்கியிருந்தது. "தலை வலிக்குதா?" என்று கேட்டேவிட்டேன். "இல்ல அத்தை." ஆனால் சன்னலைச் சாத்தச் சொன்னாள், வெளிச்சம் கூசுகிறதாம். தலைவலி இல்லாதவளுக்கு எதற்கு இருட்டு? நாளை பள்ளிக்கு லீவு போட்டு நானே கூட்டிப்போகிறேன்.

ஏப்ரல் 8
ஷாய்-ஷாய் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் எங்கள் சுகாதார நிலையத்தில் செவிலி ஜசிந்தா பிரஷர் பார்த்தாள். முகம் மாறியது. சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்தாள், அதுவும் நிறம் மாறியது. "தலைவலி இருக்கா? கண்ணுல பூச்சி பறக்குதா? மேல்வயிறு வலிக்குதா?" இல்லை, இல்லை, இல்லை. பதில் சொல்லும்போது நில்சா செவிலியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நேரா சொல்லுங்க சிஸ்டர். நான்தான் இவளுக்குப் பிரஷர ஏத்திட்டேனா?"

"உங்க வாய்க்கு அவ்வளவு சக்தி கெடையாது டீச்சர்" என்றாள் ஜசிந்தா. "இது நஞ்சுக்கொடியில ஆரம்பிக்குது. அது வேர் விடுறப்பவே கருப்பையோட ரத்தக்குழாய் அகலமாகணும். இவளுக்குச் சரியா ஆகல. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பத்தாம, அது எதையெதையோ தாயோட ரத்தத்துல கலந்துவிடுது. அது ஒடம்பு பூரா குழாயக் கெடுக்குது. ஏன் ஒருத்திக்கு வருது, இன்னொருத்திக்கு வரலன்னு டாக்டருங்களுக்கே முழுசாத் தெரியாது. முதல் பிள்ளைக்கு அதிகமா வரும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தா இன்னும் அதிகம்."

"எங்கம்மாவுக்கு வந்துச்சு" என்றாள் நில்சா. "தம்பி பொறக்குறப்ப கை கால் இழுத்துச்சு. வலிப்பத்தான் ஊருல நிலா நோய்னு சொன்னாங்க. அப்படியே போயிட்டாங்க." பிறகு என் கையைப் பிடித்தாள். "சனிக்கெழமையில இருந்து தல வெடிக்குது அத்தை."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா உங்க மேல பழி போட்ட மாதிரி ஆயிடும். ஊரே உங்களத்தான பேசும்."

என்னைக் காப்பாற்றவா, பாவிப் பெண்ணே? நான் வாயை மூடினேன், அவளும் மூடிக்கொண்டாள். நடுவில் அந்த நோய் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால்தான் இது அடங்குமாம். மாதம் ஆகவில்லையே—

ஏப்ரல் 9
ஊசியையும் மீறி வலிப்பு வந்தது. பார்த்தேன். என்னால எழுத முடியல.

ஏப்ரல் 10
ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். உயிரோடு இருக்கிறாள், கண்ணாடிப் பெட்டிக்குள். நில்சா இன்னும் கண் திறக்கவில்லை. அர்லிந்துக்கு என்ன சொல்ல?

ஏப்ரல் 11
திறந்தாள். தண்ணீர் கேட்டாள். வராந்தாவுக்கு ஓடிவந்து அழுதேன், மூக்கு சிந்தச் சிந்த அழுதேன்.

மே 18
பிள்ளை வீடு வந்துவிட்டதால், பெண்கள் கூட்டம் வழக்கப்படி சோப்புக் கட்டிகளோடு பார்க்க வந்தது. பிள்ளை நில்சாவின் மார்போடு மார்பாகத் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே நில்சா சத்தமாகச் சொன்னாள்: "அத்தை, எனக்குத் தல வலிக்குது."

ஃபெலிஸ்மினா என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் பிரஷர் ஏறலாம் என்று ஜசிந்தா சொல்லியிருந்தாள். தேநீர் ஊற்றிய கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு நில்சாவைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினேன். பிரஷர் சரியாகத்தான் இருந்தது. வெறும் தலைவலி.

திரும்பி வரும்போது திட்டித் தீர்த்தேன். "ராத்திரி பூரா புருஷனோட போன்ல பேசினா தல வலிக்காம என்ன செய்யும்?" அவளும் விடவில்லை. "நீங்க விடியறதுக்கு முன்னாடியே பாத்திரத்த உருட்டுனா தூக்கம் எங்கேர்ந்து வரும்?" வீடு வந்து சேரும் வரை சண்டைதான். பிள்ளை ஒரு தடவைகூட விழிக்கவில்லை.