டபுள் புரமோஷன்காரிக்கு

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். என் கண் மங்கிவிட்டதாம். என் மகனுடைய பனியன் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்காரப் பெண்ணின் மகளைத் தினமும் உட்காரவைத்து, செய்தித்தாள் படித்துக் காட்டச் சொல்கிறேனாம். அந்த நன்றிக்காகத்தான் அவளை ஒரு வகுப்பு மேலே ஏற்றச் சொல்லிப் பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கு நிற்கிறேனாம். ஊரில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். என் செய்தித்தாளை நானேதான் படிக்கிறேன். அதிலுள்ள எழுத்துப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டும் வைக்கிறேன். நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு முதல் ஆளாகச் சிரித்திருப்பாய்.

நாம் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு உன் நினைவாக எழுதித் தரச் சொன்னார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என் வீட்டை ஒட்டித்தான் மகனுடைய பனியன் கம்பெனி. இன்று காலை அங்கே அயர்ன் மேஜையில் நீராவி எழும்பியதும் புதுப் பனியன் துணியின் வாசனை சமையலறை வரை வந்தது. அது உன் வாசனை. உங்கள் வீடு நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் பனியன் கடைக்குப் பின்னாலேயே இருந்ததால், கான்வென்ட்டில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அன்றே உன் சட்டை, ரிப்பன், பை எல்லாவற்றிலும் அதுதான் மணத்தது.

அது நான்காம் வகுப்பு. இரண்டாம் வகுப்பிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். “டபுள் புரமோஷன்” என்று மதர் அறிவித்த நிமிஷத்திலிருந்து உனக்கு ‘டபுள்’ என்றே பெயராகிப் போனது. உன் கால் தரையை எட்டாது. கணக்கு மட்டும் எங்கள் எல்லாரையும் எட்டிவிடும். ஒரே வகுப்பில் இருந்துகொண்டு நீ என்னை அக்கா என்று கூப்பிட்டதற்கு சிஸ்டர் கண்டித்தார். “வயசுல அக்காங்க, சிஸ்டர். பெஞ்சுலதான் ஒண்ணு” என்றாய். சிஸ்டர் சிரிப்பை அடக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் மதியம் நீ சாப்பிடுவதில்லை. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கை கழுவப் போகும்வரை உட்கார்ந்திருப்பாய். பிறகுதான் எனக்குப் புரிந்தது, அந்த எவர்சில்வர் மூடி உன் விரலுக்குத் திறக்கவில்லை என்று. பெஞ்சு விளிம்பில் ஒரு தட்டுத் தட்டித் திறந்து கொடுத்தேன். “யார்கிட்டயாவது கேக்கறதுதானே?” என்று அதட்டினேன். நீ சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “மூடி தொறக்கத் தெரியலைன்னா திருப்பிக் கீழ அனுப்பிருவாங்கன்னு நெனச்சேங்க்கா.”

அறிவு இரண்டு வகுப்பு தாண்டலாம், விரல் தாண்டாது. இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்குச் சொல்லவில்லை. பின்னாளில் நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் ஆனபோது, இதுவே உன் முறையாக இருந்தது. ஒரு பிள்ளையை மேலே ஏற்றலாமா என்று பார்க்க நீ பரீட்சை வைக்கவில்லை. மேல் வகுப்பில் சில வாரம் உட்காரவைத்துவிட்டு, மதியம் தூரத்தில் நின்று பார்ப்பாய். “கணக்கைப் பாக்காதீங்க்கா. டிபன் பாக்ஸை யாரோட தொறக்கறான்னு பாருங்க.” தனியாகத் திறக்கும் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவந்து கீழேயே அமர்த்துவாய். பெற்றோர் முகம் சுண்டினால் உனக்குக் கடை மொழி வந்துவிடும். “சைஸ் மாத்திக் குடுக்கறது கடைக்குக் கேவலமில்லீங்க. மாத்த மாட்டேங்கறதுதான் கேவலம்.”

மறுக்கவும் உனக்குத் தெரிந்திருந்தது. சாயப்பட்டறை முதலாளி ஒருவர் தன் மகனுக்கு டபுள் கேட்டு வந்தார். புதுக் கட்டடமே கட்டித் தருவதாகச் சொன்னார். பையன் இருபதாம் வாய்ப்பாடு வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். நீ அவன் தலையைத் தடவிவிட்டு, “நல்லா சொல்றானுங்க. ஆனா பசிக்கலீங்க. பசிக்காத பிள்ளைக்கு ஊட்டினா வாந்திதானுங்க வரும்” என்றாய். கட்டடம் வரவில்லை. ஒழுகும் ஓட்டின் கீழேயே இன்னும் சில மழைக்காலங்களைக் கழித்தோம்.

அந்தப் ‘பசி’ என்ற சொல்லைத்தான் நான் இன்றும் வைத்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மூன்றாம் வகுப்பின் சன்னலில் தொங்கிக்கொண்டு பாடம் கேட்டபோது, ஆசிரியர் அறையில் யாரோ “பிஞ்சிலயே பழுத்தது” என்று உதட்டைப் பிதுக்கினார்கள். நீ டீ டம்ளரைக் கீழே வைத்தாய். “பழுக்கலீங்க டீச்சர். பசிக்குது.” அவ்வளவுதான் சொன்னாய். அந்தச் சிறுமி மேலே போனாள், அங்கேயே நிலைத்தாள்.

என்னையும் நீ விட்டுவைத்ததில்லை. விதி, ஒழுங்கு என்று நான் தொடங்கினால், “நீங்க ஒவ்வொரு படியா ஏறினவங்க, அதான் மூச்சு வாங்குது” என்பாய். என் வீட்டுக்காரர் தவறியபோது எல்லாரும் என்னை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். நீ மட்டும் ஒரு கட்டுக் கட்டுரை நோட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய். “திருத்திக் குடுங்க்கா. நான் பிழைய விட்டுருவேன்.” நீ ஒரு நாளும் பிழையை விட்டவள் அல்ல. அது எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும்.

இப்போது அந்தச் செக்கிங் பெண்ணின் மகள் விஷயத்துக்கு வருகிறேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பிள்ளை நம் பள்ளிக்கூடத்தில்தான் யு.கே.ஜி.யில் இருக்கிறாள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நான் கையில் கொடுத்தபோது நடுவிலிருந்து எடுத்துப் படித்தாள். ஒரு வரியை என்னைத் திருப்பிக் கேட்டாள், அர்த்தம் புரியவில்லை என்று. எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்தது. வகுப்பிலோ மற்றவர்கள் ‘அ’ எழுதும்போது இவள் கையில் கலர் பென்சிலைக் கொடுத்து மூலையில் உட்கார வைக்கிறார்கள். பதிலை முந்திச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

போன வாரம் அவள் அம்மா பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். “வீட்ல வாய் ஓயாம வாசிப்பா பெரியம்மா. இப்ப எதைக் கேட்டாலும் தெரியாதுங்கா. எங்கிட்டயே தெரியாதுன்னு சொல்லுதா. ஊருக்கே கொண்டுபோயி விட்டுரலாமான்னு இருக்கு.” நான் பிள்ளையிடம் ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் பார்த்தாள். படித்துவிட்டாள் என்பது கண் ஓடியதிலேயே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து, “தெரியாது” என்றாள். படிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாது என்று சொல்லப் படித்துக்கொண்டுவிட்டது. இன்னும் ஒரு வருடம் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் அது உண்மையாகவே ஆகிவிடும்.

தாளாளரைப் போய்ப் பார்த்தேன். நம்மிடம் படித்த பையன்தான். எழுந்து நின்று, காப்பி வரவழைத்து, “வயசு பத்தாதுங்களே டீச்சர்” என்றார். உன் அத்தா கடையில் நான் கற்றதை அப்படியே சொன்னேன்: வயது சொல்லி வாங்கிப்போகும் பனியனைத்தான் மறுநாள் மாற்ற வருகிறார்கள், அளவு பார்த்து வாங்கியவர்கள் வருவதில்லை. அவர் சிரித்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். “பாக்கலாங்க டீச்சர்” என்றார். நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் கடன் கேட்டால் கைவிரிப்பவர்களும் சொல்வது அதைத்தான். முகம் கோணாமல் இல்லை என்று சொல்வதற்கு இவ்வளவு மரியாதையான சொல் வேறு எங்கும் இருக்காது.

நீ இருந்திருந்தால் மறுநாளே அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, பிறகு அனுமதி கேட்டிருப்பாய். எனக்கு அது வராது. எழுதத்தான் வரும். ஆகையால் இந்த மடலை ஆண்டு மலருக்கு அனுப்பும்போதே தாளாளருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். இனி எழுதுவது அவருக்கு.

தாளாளர் அவர்களே, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்தப் பிள்ளையை இரண்டாம் வகுப்பில் சில வாரங்கள் உட்காரவைத்துப் பாருங்கள். மதிய நேரத்தில் நான் வந்து நிற்கிறேன். பொருந்தாவிட்டால் நானே கையைப் பிடித்துக் கீழே கூட்டிவருகிறேன். முடியும் என்றாலும் முடியாது என்றாலும், பள்ளி திறப்பதற்குள் எனக்கு எழுத்தில் பதில் தரவும்.