கோபால் சாப்பிடும் நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நம் ஊர் லம்பாசாவில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய குழந்தைக் கோபால் சிலைக்குப் பூஜை செய்யப் பழகி வருகிறேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலையில் வந்துதான் அவனைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, பால்சோறு வைக்கிறேன். அவன் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்றீர்களே, நேற்று அப்படிக் கண்ணை மூடியவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தால் மத்தியானம். அறைத்தோழி விகாஷ்னி எனக்குப் போர்வை போர்த்தியிருந்தாள்.

“ஏண்டி, உன் சாமி சாப்பிட்டு முடிக்க அரை நாளா? நல்லா மென்னு சாப்பிடுவாரு போல!” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். காய்ந்துபோன அந்தச் சோற்றைத்தான் பிரசாதமாகச் சாப்பிட்டேன்.

போன் பண்ணும்போதெல்லாம், “கோபால் சாப்பிட்டானா? அவனுக்குக் குளிருதா?” என்றே கேட்கிறீர்கள். சாப்பிடுகிறான், அம்மா. இங்கே டூவூம்பாவில் குளிர்தான் தாங்கவில்லை. அவனுக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னி அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது, வேலைக்குக் கிளம்புகிறேன். நூல் மிஞ்சினால் எனக்கும் ஒன்று.

உங்கள் மகள்,
பிரனீதா