கடைமடைக்கு ஒரு வரி

5.10.2009, திங்கள்

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை. எட்டிலிருந்து பத்து வரை கரண்ட் கட்.

கண்மாய்ச் சங்கத்துக்கான புரோகிராம் முடிந்த மாதிரிதான். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை போட்டுச் சீட்டு அடிக்கும். பாக்கி: சோதனைகள். சென்னையில் வேலை போன பிறகு கையில் இருப்பது இது ஒன்றே.

சோதனை எழுத நானே செய்த கருவி, எங்கள் பாஷையில் லைப்ரரி. சென்னையில் நாங்கள் எழுதியதை எழுதினவனாலேயே மறுவாரம் படிக்க முடியாது. இதில் வரியைப் பார்த்தாலே விதி தெரியும்:

முறை.முடியுமுன்().கடைமடைக்கு().மணிநேரம்(6).கிடைக்கவேண்டும்();

புள்ளியையும் அடைப்பையும் விட்டுவிட்டால் தமிழ். புரோகிராம் விதியை மீறினால் சிவப்பு, மீறாவிட்டால் பச்சை. இணையத்தில் போட்டு நான்கு மாதம். எடுத்துப் பயன்படுத்தியவர்: ஒருவருமில்லை.

7.10, புதன்

தேனி. சோதனைகளை பிரிண்ட் எடுத்தேன், ஒன்பது பக்கம். விதி தெரிந்தவர்கள் படித்துச் சரி சொல்லட்டும் என்று. அப்பாவுக்கு சுகர் மாத்திரை. குடை ரிப்பேர் மறந்தாச்சு.

அப்பா விரல் வைத்து அந்தக் கடைமடை வரியைச் சத்தமாகப் படித்தார். எங்கள் ஒன்றரை ஏக்கர் கடைமடையில்தான். தண்ணீர் வந்து சேர்வதற்குள் மேலே எல்லாம் முடிந்துவிடும்.

"இத மிஷினே பாத்துக்கிருமாத்தா?"

"ஆமாப்பா."

என் வேலை என்னவென்று அவருக்குப் புரிந்த முதல் நாள். சந்தோஷமாக இருந்தது, எழுதி வைக்கிறேன்.

9.10, வெள்ளி

கூட்டம். சங்கத் தலைவர் எனக்கு முறைக்கு மாமா. நிலம் மேல்மடையில். பக்கம் பக்கமாகப் படித்தார், நிஜமாகவே படித்தார். ஆறாம் பக்கத்தில், கடைமடை வரியில் நின்றுவிட்டார்.

"இத யாரு சொன்னாக?"

"தீர்மான நோட்டுல இருக்கு மாமா."

"நோட்டுல இருக்கும்த்தா. அத எவன் படிச்சான்? இத நாளைக்கு ஆளாளுக்குப் படிச்சுப்புட்டு மடையில வந்து நிப்பாக. எடுத்துரு. மேல நெறஞ்ச பெறகு மிச்சம் கீழ போகட்டும்."

பின்னாலிருந்து யாரோ: "அவுக அப்பா வயலு அங்கனதான கெடக்கு."

சிரிப்பு. அப்பா கடைசி வரிசையில், தரையைப் பார்த்தபடி.

சென்னை வழக்கம்போல் கிறுக்கி வைத்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. விதி அதுபாட்டுக்கு உள்ளே ஓடியிருக்கும். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று எழுதினேன் பார், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

11.10, ஞாயிறு

தாலுகா ஆபீசில் மனு கொடுப்போம் என்றேன் அப்பாவிடம்.

"வேணாந்தா. நாளப்பின்ன அவுக மொகத்துல முழிக்கணும். எடுத்துரு."

"நம்ம வயலுப்பா."

"எடுத்துருன்னேன்ல."

மதியம் மாமா சொன்னபடி புரோகிராமை மாற்றினேன். சோதனைகளை ஓட்டினேன். நாற்பது பச்சை, ஒன்று சிவப்பு: 'கடைமடைக்கு ஆறு மணி நேரம் கிடைக்கவில்லை.' இந்த ஊரில் வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

அந்த வரியை நீக்கினேன். மறுபடி ஓட்டினேன். நாற்பதும் பச்சை. வெட்கமாக இருக்கிறது.

12.10, திங்கள்

தூறல். மண்கூட நனையவில்லை.

சங்கத்துக்கு புரோகிராம் சிடி கொண்டுபோகக் கிளம்பினேன். வாசலில் அப்பா விதைநெல் மூட்டையை சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன்.

"தலைவர் வீட்டுக்கு. வெதை பத்தலைன்னாக. தண்ணி வராத வயலுக்கு நம்ம வச்சு என்ன செய்ய?"

கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.