கோர்ட்டில் கேட்ட சத்தம்

அன்புள்ள என்ஜினியர் அம்மாவுக்கு,

நானும் நம் மகளும் சௌக்கியம். நீ கட்டும் பாலத்தின் மூன்றாவது தூண் படத்தை அவள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று போன மாதம் எழுதினேன். அது பொய். ஆபரேஷனில் குடலை வெளியே திறந்து, மலம் சேர வயிற்றின்மேல் ஒட்டிய பையைக் கழுவவும் மாற்றவும் பழகிவிட்டேன். காற்றுதான் பாடாய்ப் படுத்தியது. முன்போல அடக்கிக்கொள்ள வழியில்லை. எப்போது வரும், எவ்வளவு சத்தமாய் வரும் என்று தெரியாது. ஜட்ஜ் தீர்ப்பு சொல்லும்போது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் ஹாலில் உட்கார்ந்து சுருக்கெழுத்து எழுதுகிறவன் நான்.

பயந்துபோய்க் காலைச் சாப்பாட்டை விட்டேன். மத்தியானம் ஒரு டீயை மடமடவென்று குடிப்பதோடு சரி. பை இன்னும்தான் உப்பியது.

செவ்வாய்க்கிழமை, ஒரு குழந்தை அம்மாவிடம் வளருவதா அப்பாவிடமா என்று தீர்ப்பு. பாதியில் என் வயிறு பேசிவிட்டது, நீளமாக. ஜட்ஜ் நிறுத்திவிட்டார். எழுந்து ஓடியிருப்பேன். ஆனால் அந்தக் குழந்தையின் அம்மா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்காக நின்றிருந்தாள். "ஆபரேஷன் ஆகி வயித்துல பை இருக்குங்க ஐயா, அதோட சத்தம். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குழந்தை அம்மாவுக்குத்தான். அதற்கப்புறம் என்னை யார் பார்த்தார்கள்?

மறுநாள் ஆஸ்பத்திரி நர்ஸிடம் போனேன். "பட்டினி கிடந்தா காத்து குறையும்னு யாரு சொன்னா? வெறும் வயித்துலதான் கூடும். அவசரமா குடிச்சா அதோட காத்தையும் முழுங்குவீங்க" என்று நன்றாகத் திட்டினார். இப்போது வேளைக்குக் கொஞ்சமாக மென்று சாப்பிடுகிறேன். ஃபில்டர் வைத்த பை தந்திருக்கிறார். நாற்றம் இல்லை, உப்புவதும் குறைந்துவிட்டது. சத்தம் வரும்போல இருந்தால் முன்கையைப் பையின்மேல் லேசாக அழுத்திக்கொள்கிறேன், பாதி அமுங்கிவிடும். எது ஒத்துக்கொள்கிறது என்று மகள் எழுதிவைக்கிறாள். வெங்காயம் குற்றவாளி, முட்டைக்கு ஜாமீன்.

உனக்கு லீவு கிடைத்தும் வரவேண்டாம், வேலை கெடும் என்று இரண்டு தடவை எழுதினேன். வேலைக்காக எழுதவில்லை. ஒரே அறையில் உன் பக்கத்தில் எப்படிப் படுப்பது என்று கூச்சம்.

சத்தம் வரத்தான் செய்யும். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். இந்தத் தடவை லீவு கொடுத்தால் வந்துவிடு. அதுவரை தூண்மேல் ஏறும்போது பார்த்து ஏறு.

என்றும் உன்,
கோர்ட்டுக்காரன்