தந்தி கொடுத்த அக்காவுக்கு

மீனாட்சிபுரம்
3-12-1978

பாசமுள்ள குருவம்மாள் அக்காவுக்கு,

மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலே உங்க பக்கத்துக் கட்டில்ல கிடந்த நாச்சம்மாள் கும்பிட்டு எழுதறது. போன புதன்கிழமை நல்லபடியா ஊடு வந்து சேர்ந்தேனுங்க. நீங்க மலையேறிச் சக்குபள்ளம் போய்ச் சேர்ந்ததுக்கு ஒரு வரி போட்டிருக்கலாம். தபால்காரர் மணி அடிக்கறப்பெல்லாம் வாசலுக்கு வந்து ஏமாந்து போறேன்.

அந்தப் பத்து நாள்ல நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன். நீங்களே பரிசோதனைக்குன்னு வந்து படுத்த மனுஷி. கையைத் தூக்க முடியாத எனக்குத் தினமும் தலை சீவிப் பின்னி விட்டீங்க. மயக்கம் தெளிஞ்சு நான் வாந்தி எடுத்தப்ப நெத்தியைப் பிடிச்சுக்கிட்டீங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கட்டிக்காக மாரை எடுத்த இடம் ரெண்டு வருஷமாப் பலகையாட்டம் கிடந்துதுங்களே, இப்ப அங்க மேடு இருக்குது. அதுக்கு டாக்டரம்மாவை ஆயுசுக்கும் கும்பிடுவேன். ஆனா அக்கா, கட்டுப் பிரிச்சுக் கண்ணாடியிலே பார்த்துட்டு உக்காந்து அழுதேன். வலது பக்கம் ரெண்டு புள்ளைக்குப் பால் கொடுத்து எறங்கினது. மாருக்குப் பதிலாத் தோலுக்கடியிலே பை வச்சுத் தச்ச இடது பக்கம் கழுத்துக்கிட்ட ஏறி, கவுத்து வச்ச கொட்டாங்குச்சி மாதிரி நிக்குது. தொட்டாக் கல்லு. ஒரே உடம்புல ரெண்டு பொம்பளைங்க இருக்கிற மாதிரி இருக்குது.

ஊட்டுக்காரர் ஒண்ணும் கேட்கலை. கேட்காம இருக்கறதே பயமா இருக்குது. நீங்க எனக்கு ஆனதைப் பார்த்துட்டு உங்களுக்கும் வச்சுக்கறதைப் பத்தி முடிவு பண்றேன்னு சொன்னீங்க. அதனால மறைக்காம எழுதறேன்.

உங்க தங்கச்சி
நாச்சம்மாள்


சக்குபள்ளம்
14-12-1978

தங்கச்சி நாச்சம்மாளுக்கு அக்கா எழுதுறது.

கோவிச்சுக்காத தாயி. காயெடுப்பு முடியிற வரைக்கும் எங்களுக்கு நிமிர நேரமில்லை. பகல் முச்சூடும் ஷெட்டுல ஏலக்காய் தரம் பிரிச்சுட்டு வீட்டுக்கு வந்தா பேனா பிடிக்க விரல் வணங்க மாட்டேங்குது. ஒன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். கொட்டாங்குச்சின்னு எழுதியிருந்த பாரு, அந்த இடத்துல சிரிச்சுட்டேன். சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோ.

நர்சம்மா என்ன சொன்னாக, மறந்து போச்சா? சதைக்குள்ள புது ஆள் குடி வந்திருக்கு, அது எடம் பழக மூணு மாசம் ஆகும், வீக்கம் வடிய வடியக் கீழ எறங்கும், மெத்துன்னு ஆகும்னாகளா இல்லையா? நீ பதினஞ்சு நாளுக்குள்ள கண்ணாடி பார்த்து அழுதா எப்படி? இன்னொண்ணும் சொன்னாக. ஈரம் கசிஞ்சாலும் செவந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே கிளம்பி வரணும்னு. அதை மட்டும் மறந்துராத.

இங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல பொம்பளைக கேக்காக, புருஷன் போயி ஒம்பது வருசம் ஆனவளுக்கு இது எதுக்குன்னு. ஒனக்கு மட்டும் சொல்றேன். குளிக்கையில என் நெஞ்சை நான் பார்க்கிறதில்லை, சுவத்தைப் பார்த்துட்டுத் தண்ணி ஊத்திக்கிறேன். சரிவுல எறங்கும்போது ஒரு பக்கம் கனமில்லாம உடம்பு கோணிட்டுப் போகுது. நாப்பத்தாறு வயசுல நேரா நடக்கணும்னு ஆசைப்பட்டா தப்பா?

அதனால இதெல்லாம் எழுது. ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா? நடக்கையில அசையுதா, குத்துதா? குளிருக்கு எப்படி இருக்கு? எனக்கு ஆறுதலா எழுத வேண்டாம், உள்ளதை எழுது.

இப்படிக்கு
ஒன் அக்கா குருவம்மாள்


மீனாட்சிபுரம்
24-1-1979

அன்பான அக்காவுக்கு,

பொங்கல் நல்லாப் போச்சுதுங்க. நீங்க அனுப்பின ஏலக்காய்ல பாயசம் வச்சோம், தெருவே மணந்துது.

நீங்க சொன்னது பலிச்சுது. பை எறங்கிருச்சு. இன்னும் வலதுக்குச் சரியா வரலை, ஒரு விரக்கடை உசரம்தான். அக்குள் பக்கம் தோல் சுருங்கி ஒரு மடிப்பு விழுது. ஒருக்களிச்சுப் படுக்கலாம், ஆனா இடது பக்கம் படுத்தா அடியிலே யாரோ கை வச்சிருக்கிற மாதிரி இருக்கும். குளிரைக் கேட்டீங்களே, இந்த மாசம் கணவாய்க் காத்து அடிக்குதுங்க. எல்லா இடமும் சூடா இருந்தாலும் அது மட்டும் சில்லுன்னு கிடக்கும். உள்ளங்கையை வச்சுச் சூடு பண்ணிக்கறேன்.

முன்னாடி ரவிக்கைக்குள்ள துணியைச் சுருட்டி வச்சிருந்தப்ப, கறவைக்குக் குனிஞ்சு அது பால் போசியிலே விழுந்ததைச் சொல்லியிருக்கேனில்லைங்களா. அந்தப் பாலைக் கீழே ஊத்திட்டு வெறும் போசியோட பால் சொசைட்டிக்குப் போனேன், என்னாச்சுன்னு கேட்டவங்ககிட்ட மாடு உதைச்சுக் கொட்டிருச்சுன்னு பொய் சொன்னேன். இப்பக் குனியறப்ப எனக்கு நெஞ்சு நெனப்பே வர்றதில்லை. மாடு, மடி, போசி, அவ்வளவுதான். மறந்து போய் இருக்கறது எத்தனை சொகம்னு உங்களுக்குத்தான் புரியும்.

ஊட்டுக்காரர்கிட்டப் பேசிட்டேன். பொறுக்க மாட்டாம நானே கேட்டேன்.

"ஏனுங்க, ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. பாக்க அசிங்கமா இருக்குதுங்களா?"

"எனக்கு ஒண்ணுந் தெரியலையே" அப்படின்னார்.

"பாக்காமயே சொல்றீங்க."

அப்புறம், "ரெண்டு வருஷமா நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுத்தான் சீலை மாத்தறே. நீயாக் காட்டாம நானாப் பார்த்தா உனக்கு நோகும்னு இருந்தேன்" அப்படின்னார்.

காட்டினேன் அக்கா. பார்த்தார். "வலிக்குதா?" அது ஒண்ணுதான் கேட்டார். நான் அவரைப் பத்தி என்னென்னமோ நெனச்சதுக்கு வெக்கமாப் போச்சு.

ஒண்ணே ஒண்ணு. தழும்பு ஓரத்திலே ஒரு தையல் இருந்த இடம் நாலு நாளா நசநசங்குது. மஞ்சள் வச்சிருக்கேன். லேசா செவந்திருக்குது, சாயங்காலம் உடம்பு கொஞ்சம் சுடுது. யாருகிட்டயும் சொல்லலை, நீங்களும் சொல்லிராதீங்க. போனா எடுத்துருவாங்க. இத்தனை பாடுபட்டு வச்சது, இப்பத்தான் எனக்குன்னு ஆகியிருக்குது. தானா ஆறிரும்.

நாச்சம்மாள்


சக்குபள்ளம்
30-1-1979

நாச்சம்மா,

ஒன் லெட்டர் இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. படிச்ச கையோட எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் சூசையப்பன்கிட்ட இங்கிலீசுல எழுதி வாங்கிட்டு, ஜீப் பிடிச்சுக் குமுளிக்குப் போயி ஒன் வீட்டுக்காரர் பேருக்குத் தந்தி கொடுத்துட்டேன். நாச்சம்மாளுக்குப் புண் சீழ் பிடிக்குது, உயிருக்கு ஆபத்து, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு.

சொல்லாதேன்னு நீ எழுதியிருந்ததைப் படிச்சுட்டுத்தான் செஞ்சேன்.

குருவம்மாள்


சக்குபள்ளம்
26-2-1979

தங்கச்சிக்கு,

ஒரு மாசமா ஒங்கிட்டயிருந்து ஒரு வரி இல்லை. நடுவுல நான் போட்ட ரெண்டு கார்டும் வந்திருக்கும். நீ இருக்கியா இல்லையான்னுகூடத் தெரியாம, காய் பிரிக்கிற கை நின்னு போயி உக்காந்திருக்கேன். கங்காணி ரெண்டு தரம் சத்தம் போட்டாச்சு.

கோவமா இருந்தா இரு. தந்தின்னாலே எழவுன்னு ஊரு கூடியிருக்கும். ஒன் உடம்பு சமாச்சாரம் தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். அதுக்காக ஒன் கால்ல விழுறேன். தந்தி கொடுத்ததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்.

ஒங்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். எனக்குக் கட்டி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொன்னேனே, அது பொய். பதினாலு மாசம் மறைச்சு வச்சிருந்தேன். புளியங்கொட்டை அளவா இருந்துச்சு, எலுமிச்சங்காய் அளவா ஆச்சு. தானா கரைஞ்சிரும்னு தினமும் சொல்லிக்கிட்டேன். போனா எடுத்துருவாகங்கிற பயம்தான் எனக்கும். கடைசியில மாரோட போகாம அக்குள் நெறியும் வெட்டி, நோய் திரும்ப வராம இருக்கக் கரண்ட் வச்சு, கை வீங்கிக் கிடந்தேன். நீ தானா ஆறிரும்னு எழுதியிருந்ததைப் படிக்கையில என் குரலே கேட்ட மாதிரி இருந்துச்சு. சும்மா இருக்க முடியலை.

உசுரோட இருக்கேன்னு மட்டும் ஒரு கார்டு போடு. பேசாட்டிப் போ.

குருவம்மாள்


மீனாட்சிபுரம்
11-3-1979

எங்க குருவம்மாள் அக்காவுக்கு,

உசுரோட இருக்கேனுங்க. நேத்துத்தான் மெட்ராஸ்ல இருந்து வந்தேன். உங்க லெட்டரும் கார்டுகளும் மாடத்துல இருந்துது. நின்னபடியே படிச்சேன், அப்புறம் உக்காந்து படிச்சேன்.

நடந்ததைச் சொல்றேன். தந்தி வந்தப்ப ஊட்டுக்காரர் சொசைட்டியிலே பால் ஊத்திட்டு இருந்தாருங்களாம். அங்க கணக்கு எழுதற குப்பண்ணன்தான் படிச்சுச் சொல்லியிருக்கார். ஊட்டுக்காரர் கேன்களை அங்கேயே போட்டுட்டு ஓடி வந்தார். நான் அடுப்படியிலே நிக்கறேன். "முந்தானையை எடு" அப்படின்னார். அவர் வாயிலே அப்படி ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு. அதுக்குள்ள சீழ் கட்டியிருந்துது அக்கா, நான் அதையும் உங்களுக்கு எழுதலை. வாசல்ல அத்தனை பேர் நிக்கறாங்க. மாத்துச் சீலையைக்கூட எடுக்கலை, அப்படியே பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார்.

வழி நெடுக உங்களைத் திட்டினேன். நம்பிச் சொன்னவளை ஊர் முன்னாடி நிக்க வச்சுட்டாளேன்னு. மெட்ராஸ் போய்ச் சேர்ந்த அன்னைக்கே டாக்டரம்மா பையை எடுத்துட்டாங்க. மயக்கம் தெளிஞ்சு தொட்டுப் பார்த்தேன், மறுபடியும் பலகை. அப்பவும் உங்களைத்தான் திட்டினேன். இனி அந்த மனுஷிக்கு ஒரு எழுத்து எழுத மாட்டேன்னு ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன்.

பத்து நாள் கழிச்சு டாக்டரம்மா கட்டில் பக்கம் உக்காந்து கேட்டாங்க, தந்தி கொடுத்தது யாருன்னு. சொன்னேன். "அவங்களுக்கு எழுதும்போது என் நன்றியையும் எழுது. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ரத்தத்திலே விஷம் ஏறியிருக்கும், நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" அப்படின்னாங்க. அன்னைக்கு எழுதியிருக்கோணும். வெக்கத்துல எழுதலை. உங்களை ஒரு மாசம் தவிக்க விட்டதுக்கு எனக்கு என்ன தண்டனை வேணாலும் கொடுங்க.

தெருவுல தெரிஞ்சு போச்சேன்னு பயந்தேனே, என்னாச்சுன்னு கேளுங்க. நேத்து ஊர் திரும்பினதும் நாலு பொம்பளைங்க வந்தாங்க. மூணு பேர் வேடிக்கை பார்க்க வந்தாங்க. நாலாவது ஒருத்தி, எல்லாரும் போனதுக்கப்புறம் என் கையை இழுத்துத் தன் நெஞ்சுல ஒரு இடத்துல வச்சு, "இது என்னன்னு பாருக்கா" அப்படின்னா. நாளைக்கே அவளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

இனி உங்க கேள்விக்கு என் பதில். உள்ளதை எழுதுன்னீங்க. அந்தப் பை என் உடம்புல ரெண்டரை மாசம் இருந்துது. கோணலா இருந்துது, சில்லுன்னு இருந்துது. ஆனாலும் நான் அதுக்காக வருத்தப்படலை. வச்சுக்கோங்க அக்கா. ஒரு சொட்டு ஈரம் கண்டாலும் ஓடுங்க, அவ்வளவுதான். ஆறு மாசம் ஆறட்டும், மறுபடி வச்சுக்கலாம்னு எனக்கும் சொல்லியிருக்காங்க. நான் சரின்னுட்டேன்.

உங்க
நாச்சம்மாள்


சக்குபள்ளம்
20-4-1979

என் தங்கச்சிக்கு,

ஒன் லெட்டர் வந்த அன்னைக்கு ஷெட்டுல எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். என்ன விசேசம்னு கேட்டாக. என் தங்கச்சி பொழைச்சுட்டாள்னேன். ஒனக்கேது தங்கச்சின்னாக. இருக்கான்னேன்.

தண்டனை கேட்டியே, இதான் தண்டனை: அந்தப் பொண்ணுக்கு என்னாச்சுன்னு உடனே எழுது.

தேதி தெரிஞ்சதும் எழுதலாம்னுதான் இத்தனை நாளாச்சு, எனக்கு மே ஏழாந்தேதி பை வைக்கிற ஆபரேசன். அஞ்சாந்தேதி போயிச் சேரணும். பயமாத்தான் இருக்கு. தனியாத்தான் போறேன், இங்க யாருக்கும் வேலையை விட்டுட்டு வர முடியாது. பரவாயில்லை, அந்த வார்டு எனக்குப் பழகின எடம். நீ நல்லா சாப்பிடு. கனம் தூக்காத.

அக்கா


மீனாட்சிபுரம்
27-4-1979

அக்காவுக்கு,

அந்தப் பொண்ணுக்கு வெறும் பால் கட்டிதானுங்க. கீறி எடுத்தாச்சு, நல்லா இருக்கா. உங்க பேரைக் கேட்டு வாங்கிட்டுப் போனா.

தனியாப் போறேன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துது? நாலாந்தேதி ராத்திரி வண்டிக்கு எனக்கும் ஊட்டுக்காரருக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. மாட்டை மச்சாண்டார் பார்த்துக்குவார். வேண்டாம்னு பதில் போடாதீங்க, போட்டாலும் அது வந்து சேர்றப்ப நான் ஊட்டுல இருக்க மாட்டேன்.

நீங்க கண்ணைத் தொறக்கறப்பக் கட்டில் பக்கத்துல உக்காந்திருப்பேன். தலை நான்தான் சீவி விடுவேன். முதல் ரெண்டு நாள் வலி ஜாஸ்தியா இருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டாம். என் கையைப் பிடிச்சு எவ்வளவு வேணாலும் நசுக்குங்க. தினம் மூணு மாடு கறக்கிற கை அக்கா, தாங்கும்.

உங்க தங்கச்சி
நாச்சம்மாள்