கல்லில் ஏறிய பென்சில் எழுத்து

6 ஜூலை 2025

கனகராஜ் வந்துபோனார். இரும்புக்கடைக்காரர், செஞ்சி வியாபாரிகள் சங்கத் தலைவர். பஸ் ஸ்டாண்டு எதிரே சங்கம் நடப்போகும் கல்லுக்கான வாசகத்தைக் காட்டினார். இந்த வட்டாரத்தில் எல்லோரும் பாடும் ‘கருத்த மழையே’ பாட்டு. அடியில், ‘இயற்றியவர்: கோட்டைத் தளபதி வேங்கடப்பன்’.

“எல்லாம் உங்க அட்டைல இருந்ததுதான் சார்.”

ஊர்ப் பெரியவர்களின் சிறு வரலாறு, பாட்டுகள் பிறந்த கதை என்று நூற்றுப்பன்னிரண்டு அட்டைகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றைப் போன மாதம் அவருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். சந்தோஷப்பட வேண்டும். ஆனால் ஏதோ உறுத்துகிறது.

7 ஜூலை

அட்டையை எடுத்துப் பார்த்தேன். பாட்டு பேனாவில் இருக்கிறது. மன்னர் காலத்துத் தளபதி வேங்கடப்பன் பெயர் பென்சிலில். ஆதாரம் கிடைத்தால் பேனா, வெறுமனே கேள்விப்பட்டால் பென்சில் — முப்பது வருட வழக்கம். ஜெராக்ஸில் இரண்டும் ஒரே கறுப்பு. அதைச் சொல்லாமல் விட்டவன் நான்தான். அந்தப் பெயரை எனக்கு யார் சொன்னார்கள்? டீக்கடையிலா? நினைவில்லை.

8 ஜூலை

சொல்லிவிடலாம் என்று கனகராஜ் கடைவரை போனேன். கால் கிலோ ஆணி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

11 ஜூலை

அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பாவாடை என்ற விவசாயி தேடி வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் கல் திறப்புவிழா நோட்டீஸ்; தகவல் உதவி என்று அதில் என் பெயர்.

“தளபதின்னு போட்டுக்கிறீங்களே ஐயா, இது எங்கம்மா கட்டின பாட்டு. செல்லம்மாள்னு பேரு. நடவுல பாடினது.”

இங்கே யாரும் பாடாத கடைசி அடியைப் பாடிக் காட்டினார்:

‘கரண்டு வந்தா மோட்டார் ஓடும், கருத்த மழையே நீ வந்தா ஏரி ரொம்பும்.’

“உங்க தளபதி ஊட்ல கரண்டு இருந்துச்சா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். போகும்போது சிரிக்கவில்லை. “அம்மாவுக்கு எம்பத்தஞ்சு. உசுரோட இருக்கசொல்லவே பேரு வந்தா நல்லாருக்கும்.”

12 ஜூலை

ஒன்றும் புரியவில்லை. பழைய பாட்டில் அந்த அம்மாள் ஓர் அடி மட்டும் சேர்த்திருக்கலாமே? மகன் தாய்க்காகப் பேசாமல் யாருக்காகப் பேசுவான்? ஆனால் தளபதிக்குப் பேச அப்படி ஒருவர்கூட இல்லையே. அட்டையில் அவர் பெயரை அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன்.

ஜானகி பார்த்துக்கொண்டே இருந்தாள். “நீங்க பென்சில சீவி முடிக்கிறதுக்குள்ள அங்க கல்லே நட்டுடுவாங்க.” கல்யாணமாகி நாற்பத்தாறு வருடமாக என்னைப் பார்க்கிறவள்.

14 ஜூலை

சொல்லிவிட்டேன். இந்த முறை ஆணி வாங்கவில்லை.

“கல்லுல அடிச்சாச்சு சார்! இருவத்தேழு தெறப்பு. இப்ப வந்து பென்சிலுன்றீங்க. நாலு பேரு என்னப் பாத்துத்தான சிரிப்பான்?” என்றார் கனகராஜ்.

“தப்பு என்னுடையதுதான்.” — என் குரலா அது?

தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். “செதுக்கி எடுத்துடலாம். அப்ப யாரு பேரு போடறது? கரெக்டா கேட்டுட்டு வாங்க.”

கரெக்டாக. என்னிடம் போய்!

20 ஜூலை

பஸ்ஸில் அவலூர்பேட்டை, அங்கிருந்து ஆட்டோ. செல்லம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. நீங்கள் கட்டிய பாட்டா என்றேன்.

“நான் ஒருத்தியா? நல்லா கேட்டீங்க போங்க. ஆறு பேரு வரிசையா குனிஞ்சி நடுவோம். ஆளுக்கு ஒரு அடி. கரண்டு அடி மட்டும் என்து.”

பாவாடை தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொன்னவர் முகமல்ல அது. அவருக்கும் இப்போதுதான் தெரிகிறது.

அந்த அம்மாள் தன்னில் தொடங்கி விரல் மடக்கினார். பச்சையம்மாள், அஞ்சலை, குப்பம்மாள், முனியம்மாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு எழுதினேன். பேனாவில். ஆறாவது விரல் மடங்கவில்லை.

“ஒசரமா இருப்பா. அவதான் மொத அடியே எடுத்துக் குடுத்தா. பேரு வர்லியே... அய்யோ, பேரு வர்லியே.”

ஆட்டோ ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

27 ஜூலை

கல்லைத் திறந்தார்கள். தளபதி பெயரைச் செதுக்கி எடுத்த இடம் லேசாகப் பள்ளமாக இருக்கிறது. அதில் ஐந்து பெயர்கள், அவற்றுக்கு மேலே ஒரு வரி வெறுமை. “அந்த எடத்துல ரெண்டு பூ அடிச்சிடட்டுமா?” என்று நேற்று கல்தச்சர் கேட்டார். கூடாது என்றேன். கனகராஜ் திரும்பிப் பார்த்தார். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பாவாடை தாயைக் கைபிடித்து அழைத்து வந்தார். அந்த அம்மாள் தன் பெயரைத் தேடவில்லை. வெறும் இடத்தை விரலால் தடவினார்.

“இது அவளா?”

“ஆமாம் அம்மா” என்றேன். யோசிக்காமல்.